நம் பையில் பிறர் மானம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

மானம் என்னும் சொல்லை நம் முன்னோர் உயிரோடு சேர்த்தே எண்ணினார்கள். காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம், மானம் போனால் திரும்ப வராது என்று சொல்லாத பாட்டி நம் நாட்டில் எந்த ஊரில் இருக்கிறாள்? வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர் மானத்தைக் கெடுக்கும் புறங்கூறலை விலக்கவும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அந்தக் காலத்திலும் வீண்பழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்று பழிச்சொல் ஊர் எல்லையைத் தாண்டவே ஒரு வாரம் பிடித்தது. அடுத்த ஊரை எட்டும்போது அதற்கு மூச்சு வாங்கியது. இன்றோ ஒரு நொடியில் அது மலேசியாவில் இருக்கும் மாமா வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இணையத்தில் நம் அந்தரங்கத்தையும் நற்பெயரையும் காப்பது பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது தோழி ஒருத்தி சிரித்தாள். "இதெல்லாம் நடிகைகளுக்கும் பணக்காரர்களுக்கும் உள்ள கவலையடி! நமக்கென்ன இரகசியம் இருக்கிறது, நாம் என்னத்தை மறைக்கப் போகிறோம்?" என்றாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தனி அறை என்று ஒன்று கிடையாது. ஓட்டு வீடு, ஒரு கூடம், ஒரு மூலையில் அடுப்பு. ஐந்து பேர் அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, படித்து வாழ்கிறோம். ஆயினும் அந்த வீட்டில் அந்தரங்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. ஆனால் என் தந்தையார்கூட அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் உடை மாற்ற வேண்டுமென்றால் தம்பி யாரும் சொல்லாமலே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நிற்பான். சுவர் இல்லாத இடத்தில் மனிதர்கள் சுவராக நின்றார்கள். அந்தரங்கம் என்பது அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, பிறர் நமக்குக் காட்டும் மரியாதையைப் பொறுத்தது என்ற பாடத்தை நான் அங்கேதான் கற்றேன்.

என் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குக் கடிதம் வந்தால் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாராம். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கண். யாருக்கு எவ்வளவு கடன், எந்த மருமகள் எதற்காகத் தாய்வீட்டில் இருக்கிறாள், யார் மகன் வேலை பார்க்கும் இடத்தில் என்ன வம்பு செய்தான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுச் செய்தி அவர் வாயால் மறு வீட்டுக்குப் போனதில்லை என்று பாட்டி இன்றும் சொல்லுவாள். அவருக்குச் சட்டம் தெரியாது, தருமம் தெரிந்திருந்தது.

இன்று அந்தத் தபால்காரரின் வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது! எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்ச புள்ள, கொஞ்சம் பாரு கண்ணு" என்று அக்கம்பக்கத்தார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டுகிறார்கள். வங்கியிலிருந்து வந்த செய்தி, ஓ.டி.பி. எண், ஆதார் அட்டை, மருத்துவமனைச் சீட்டு, மகன் அனுப்பிய குரல் பதிவு, எல்லாம் என் கண்முன்னே விரிகின்றன. பக்கத்து வீட்டு அக்காவின் வங்கிக் கணக்கில் எவ்வளவு மீதி என்பது அவள் கணவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இங்கே படிக்கும் பலருக்கும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன். ஆகவே, நமக்கென்ன இரகசியம் என்று நாம் கேட்கக் கூடாது. நம்மிடம் எத்தனை பேருடைய இரகசியம் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த உரிமை புதிதாக முளைத்ததன்று. 1888இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் எவரும் கையில் தூக்கிச் செல்லக்கூடிய புகைப்படக் கருவியை விற்கத் தொடங்கியது. அதுவரை படம் எடுக்க ஒருவர் அசையாமல் அமர்ந்து இசைவு தர வேண்டியிருந்தது. கையடக்கக் கருவி வந்ததும் கேளாமலே படம் எடுக்க முடிந்தது. செய்தித்தாள்கள் வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் அச்சேற்றின. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் ஆர்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவரை அவர் போக்கில் நிம்மதியாக விட்டுவிட வேண்டும், அது அவருடைய உரிமை என்று வாதாடினார்கள். கருவி மாறினால் சட்டமும் வளர வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. 135 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறோம். கருவிதான் மேலும் சிறுத்துச் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

நம் நாட்டில் இந்த உரிமையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1994இல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் நியாயம் சொன்னது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. அதே சமயம், தன்னுடைய குடும்பம், திருமணம், பிள்ளைகள் போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் அறிவித்தது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் அதை ஊரறியச் செய்யலாகாது என்றது.

பிறகு, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி என்னும் பெரியவர் தம் 86ஆம் வயதில், 2012இல், ஆதார் திட்டம் குறித்து வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்றார்கள். வாழ்வுரிமை பணக்காரருக்கு மட்டும் உரியதா, தோழி? அப்படியானால் இதுவும் நமக்கு உரியதுதான்.

இனி எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

என் சித்தப்பா தறி ஓட்டுகிறார். அவர் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், செவிலியர் படிப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஆடி மாதம் அவளுக்குத் தவணைக் கட்டணம் கட்டக் கொஞ்சம் பணம் குறைந்தது. ஆடியில் யாரிடம் கேட்பது? சித்தப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஐந்தே நிமிடத்தில் கடன், கையெழுத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம் என்றது. அதில் இருந்த இணைப்பைத் தொட்டார். ஒரு செயலி இறங்கியது. அது அனுமதி கேட்டது. சம்மதம், சம்மதம் என்று அவர் அழுத்தினார். ஆங்கிலத்தில் கேட்டதை அவர் எப்படிப் படிப்பார்? 5,000 ரூபாய் கேட்டதற்கு 3,200 கைக்கு வந்தது. மீதி 'கட்டணம்' என்று பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் முழு 5,000 ரூபாயையும் கட்டினார். கட்டவில்லை, இன்னும் 4,000 பாக்கி என்று மிரட்டல் வந்தது.

ஒன்பதாம் நாள் காலை அவர் கைப்பேசியில் பதிவாகியிருந்த அத்தனை பேருக்கும் ஒரு படம் போயிற்று. தறிப்பட்டறை முதலாளி, மளிகைக் கடைக்காரர், அக்காவின் கல்லூரி அலுவலர், சொந்தபந்தம், என் தந்தையார், எல்லாருக்கும். உறவினர் திருமணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து அக்காவின் முகத்தை வெட்டி எடுத்து, வேறு எவளுடைய உடலிலோ ஒட்டியிருந்தார்கள். கீழே கேவலமான வார்த்தைகள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அக்கா கடன் வாங்கவில்லை. எந்த இணைப்பையும் தொடவில்லை. எந்தப் படத்தையும் எங்கும் ஏற்றவில்லை. தற்காப்புக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகள் அனைத்தையும் அவள் கடைப்பிடித்திருந்தாலும் இது நடந்திருக்கும். ஏனெனில் அவள் முகம் அவள் கைப்பேசியிலிருந்து களவு போகவில்லை. அவளைப் பெற்றவர் பாசத்தோடு வைத்திருந்த கைப்பேசியிலிருந்து போயிற்று. சித்தப்பாவையும் நான் குறை சொல்லமாட்டேன். பொய் சொல்லிப் பூட்டைத் திறந்தவன் திருடன்; நம்பிக் கதவைத் திறந்தவர் திருடரல்லர்.

அன்று மாலை எங்கள் வீட்டில் உறவினர் கூடினார்கள். அக்காவின் படிப்பை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். "அந்தப் புள்ளைய நிறுத்துறதோட, இந்தப் புள்ளைகிட்ட இருக்கிற போனையும் வாங்கி வெய்யுங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காலேஜும் போனும்?" என்று இன்னொருவர் என் பக்கம் கை நீட்டினார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் எனக்கு வந்த 1,000 ரூபாயைச் சேர்த்து வாங்கிய கைப்பேசி அது. அதில்தான் என் பாடக் குறிப்புகள் எல்லாம் இருந்தன. எவனோ முகம் தெரியாதவன் செய்த குற்றத்துக்கு இரண்டு பெண்களின் படிப்பைத் தண்டனையாகக் கொடுக்க ஒரு கூட்டமே தயாராக இருந்தது! மானம் காப்பது என்ற பெயரில் நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

என் தந்தையார் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என் பள்ளிக்கூடத்துப் படிவங்களுக்காகத்தான். அதுவரை பேசாமல் இருந்தவர் அப்போது வாயைத் திறந்தார்: "படத்த ஒட்டி அனுப்புனவன் திருடன். அத வாங்கி அடுத்தவனுக்குக் காட்டுறவன் திருட்டுப் பொருள் வாங்கி விக்கிறவன். ரெண்டு பேர்ல ஒருத்தனும் எம் புள்ளைங்க இல்ல. அப்புறம் அதுங்க எதுக்கு வீட்ல உக்காரணும்?" கூடம் அடங்கிவிட்டது.

அவர் சொன்னது நியாயம் மட்டுமன்று, சட்டமும் அதுதான் என்பதைப் பின்னர் படித்து வியந்தேன். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில், ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுகிறவரை மட்டுமன்று, அனுப்புகிறவரையும் குற்றவாளி என்கிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "எனக்கு வந்தது, நான் தள்ளிவிட்டேன்" என்பது தப்பிக்கும் வழியன்று. ஒருவர் உடலின் மறைவிடத்தை அவர் இசைவின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும் 66ஈ பிரிவின்கீழ் குற்றம். பிறர் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி ஏமாற்றுவதற்கு 66டி பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறித்தலும் (308), பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருதலும் (78), அவதூறும் (356) தனித்தனிக் குற்றங்கள்.

மறுநாள் சித்தப்பாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போனோம். போகும் முன் ஒரு வேலை செய்தோம். வந்த செய்திகளை அழிக்காமல், எண், தேதி, நேரம் தெரியும்படித் திரைப்படம் எடுத்து வைத்தோம். பணம் கட்டியதன் சான்றையும் எடுத்து வைத்தோம். ஆத்திரத்தில் அழித்துவிட்டால் திருடனின் கால் தடத்தையும் நாமே அழித்தவர்களாவோம். பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930 என்ற எண் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்க மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளம் வழி செய்திருக்கிறது. மூன்று முறை அலைந்த பின் புகார் பதிவாயிற்று. மிரட்டிய எண்கள் முடங்கின. குற்றவாளி இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் அக்கா மூன்று வாரம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். அவளுடன் பேருந்தில் முதல் நாள் போனவர் சித்தப்பாதான்.

கணிதம் படிப்பவள் என்பதால் எனக்கு ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் ஒரு படத்தை ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அந்த ஐவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். ஆறாம் படியில் மட்டும் 15,625 பேர். ஆறு படிகளையும் கூட்டினால் 19,530 பேர். ஒரு சிறு நகரம்! இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். படம் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டுமே ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அப்போது பெருக்கு விகிதம் அரை ஆகிறது. ஐந்து, இரண்டரை, ஒன்றேகால் என்று குறைந்துகொண்டே போகும் அந்தத் தொடரை முடிவிலி வரை கூட்டினாலும் மொத்தம் பத்துதான். பத்தொன்பதாயிரம் எங்கே, பத்து எங்கே! இடையில் நின்றது எந்தச் சட்டமுமன்று. பார்த்தவுடன் அழித்த விரல்தான். வாட்ஸ்அப் நிறுவனமே 2018இல் இந்தியாவிலும், 2019இல் உலகெங்கும் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடிச் செய்தது இந்தக் கணக்கை அறிந்துதான். இயந்திரம் வைத்த வரம்பு ஐந்து. நம் மனச்சாட்சி வைக்க வேண்டிய வரம்பு பூச்சியம்.

கணிதம் வேறொரு விதத்திலும் துணைக்கு வருகிறது. 2021இல் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்றொரு சேவை தொடங்கப்பட்டது. தம் அந்தரங்கப் படமோ போலியாக ஒட்டிய படமோ பரவிவிடும் என்று அஞ்சும் 18 வயது நிரம்பியவர் அதை நாடலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அவர் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு நீண்ட எண் கணிக்கப்படுகிறது. படத்தின் கைரேகை என்று சொல்லலாம். அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. எண் மட்டும் போகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற உடன்பட்ட நிறுவனங்கள் அதே கைரேகையுள்ள படம் ஏறினால் தடுக்கின்றன. தனி உரையாடல்களுக்குள் இது எட்டாது என்பது உண்மை. ஆயினும், படத்தைக் காட்டாமலே படத்தைத் தடுக்கலாம் என்பது அக்காவைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

கடன் செயலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடன் தரும் செயலி கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்தது. முறைப்படியான கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஆகவே, உங்கள் வீட்டில் யாரேனும் அவசரக் கடன் தேடினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கிறதா? முதற் கேள்விக்கு இல்லை என்றோ, இரண்டாம் கேள்விக்கு ஆம் என்றோ விடை வந்தால் தொடாதீர்கள்.

நற்பெயர் ஒருமுறை கறைபட்டால் அதைத் துடைக்க முடியுமா? உலகமே இந்தக் கேள்வியோடு மல்லாடுகிறது. ஸ்பெயின் நாட்டில் ஒருவர் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பை 1998இல் ஒரு நாளிதழ் வெளியிட்டது. கடன் தீர்ந்து ஆண்டுகள் பல ஆன பின்பும் கூகுளில் அவர் பெயரைத் தேடினால் அந்த ஏலச் செய்தியே முன்னால் வந்து நின்றது. அவர் வழக்காடினார். 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், காலாவதியான அத்தகைய இணைப்புகளைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரலாம் என்றது. 'மறக்கப்படும் உரிமை' என்று அதைச் சொல்கிறார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதே கேள்வி எழுந்தது. குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தம் பெயரை மறைக்குமாறு கேட்டார். 2021இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. நீதிமன்றத்தில் நடப்பதை மக்கள் அறியும் உரிமை ஒருபுறம், விடுதலையான மனிதன் தலைநிமிர்ந்து வாழும் உரிமை மறுபுறம். தராசு எளிதில் நிலைகொள்ளுமா?

மறைக்கப் போய் விளம்பரமாகிப் போன கதையும் உண்டு. 2003இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பைப் பதிவு செய்ய எடுத்த வான்படங்களில் தம் மாளிகையும் இருக்கிறதென்று ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் அந்தப் படத்தை இறக்கியவை ஆறே தடவை. அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் இறக்கியவை! வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தத் தளத்தைப் பார்த்தார்கள். இதனால் நான் உணர்வது: பழி வந்தால் ஊர்ச் சந்தியில் நின்று கூவுவதும் உதவாது, அஞ்சி மூலையில் ஒடுங்குவதும் உதவாது. சான்றுகளைத் திரட்டி, உரிய இடத்தில் அமைதியாக முறையிடுவதே வழி.

சட்டம் மெல்ல வளர்கிறது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அவை அமைந்துள்ளன. நம் தகவலை எதற்காகப் பெறுகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் கேட்கவும் வழி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழில் கேட்டிருந்தால் சித்தப்பா அன்று 'சம்மதம்' என்று அழுத்தியிருப்பாரா?

சட்டம் வளரும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. மாணவ நண்பர்களே! மற்றவர் படத்தை நிலைத்தகவலில் வைக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் தூங்கும் தோழனைப் படமெடுத்துப் போடுவது விளையாட்டாகத் தோன்றலாம். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அது விளையாட்டாக இராது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். நகலெடுக்கும் கடையில் வீணான பிரதியை அங்கேயே விட்டு வராதீர்கள். யாரோ ஒருவருடைய வருமானச் சான்று நகலில் வடை மடித்துத் தந்ததை நானே கண்டிருக்கிறேன். கணக்குகளுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை வாங்கி, எந்தச் செயலி எதையெல்லாம் தொட அனுமதி பெற்றிருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பார்த்தவற்றை வெளியே சொல்லாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு பணிவான விண்ணப்பம். உதவித்தொகைப் பட்டியல் என்று வகுப்புக் குழுக்களில் ஒரு கோப்பு வரும். அதில் மாணவர் பெயர், சாதி, தந்தை வருமானம், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் வரிசையாக இருக்கும். எங்கும் வழக்கமாகிவிட்ட ஒன்று; யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் தன் சாதியையும் தந்தையின் வருமானத்தையும் தோழர்கள் நடுவே ஒரு மாணவி எப்போது சொல்ல வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டுமே! பதிவு எண்ணை மட்டும் போட்டு, மற்றதைத் தனியே தெரிவித்தால் வேலையும் நடக்கும், யாருடைய தலையும் குனியாது. ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் வரவேற்பின்போது இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், எத்தனையோ பெண்களின் படிப்பு பாதியில் நிற்காது.

நமக்கென்ன இரகசியம் இருக்கிறது என்று கேட்ட தோழிக்கு என் பதில் இதுதான். நமக்குச் சொத்து இல்லை, சொல்லிக்கொள்ளப் பெரிய பெயரும் இன்னும் இல்லை. நம்மை நம்பி அனுப்பிய வீடு ஒன்று இருக்கிறது. அந்த நம்பிக்கையின்மேல்தான் நம் படிப்பு நிற்கிறது. அதைக் குலைக்க ஒரு பொய்ப் படம் போதும் என்ற நிலை இருக்கும்வரை, இது நம் கவலைதான். அடுத்த முறை யாருடைய மானமாவது உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், அது உங்கள் விரலோடு நிற்கட்டும். பிறகு, அந்தப் பெண் மறுநாள் வகுப்புக்கு வரும்போது, எதுவும் நடவாதது போல் பக்கத்தில் இடம் விட்டு உட்காருங்கள்.